பள்ளிக்குக் கேமராவா, பை சோதனையா, வாட்ச்மேனா, ஆலோசகரா?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பாதுகாப்பு என்று பேச்சு எடுத்தாலே முதலில் வந்து விழும் சொல் சிசிடிவி. அடுத்து, தினமும் பையைச் சோதிக்க வேண்டும் என்பார்கள். அப்புறம் கேட்டில் ஒரு வாட்ச்மேன். கடைசியில், டீ வரும் நேரத்தில், ஏதாவது ஒரு அம்மா "பிள்ளைங்க மனசு விட்டுப் பேச ஒரு ஆள் இருந்தா நல்லா இருக்கும்" என்பார், எல்லோரும் தலையாட்டுவார்கள், தீர்மானப் புத்தகத்தில் மட்டும் அது ஏறாது. நானும் அப்படி ஒரு குழுவில் உட்காருகிறவன். கையில் இருக்கும் பணம் கொஞ்சம், நான்கையும் செய்ய முடியாது, அதனால் எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி.

பாதுகாப்பும் முக்கியம், பிள்ளைகளின் சுதந்திரமும் முக்கியம் என்று பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் விடிந்துவிடும். அதனால், தமிழ்நாட்டில் சமீபத்தில் நடந்த நான்கு சம்பவங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஏற்பாட்டையும் பார்த்து 'நீ இருந்திருந்தால் இதைத் தடுத்திருப்பாயா' என்று கேட்டுப் பார்த்தேன்.

2023 ஆகஸ்ட், நாங்குநேரி. கூடப் படிக்கும் மாணவர்கள் சாதியை வைத்துத் துன்புறுத்துகிறார்கள் என்று ஒரு பட்டியல் சாதி மாணவர் பள்ளியில் புகார் சொன்னார். அதன் பிறகு ஒரு இரவில் வீடு புகுந்து அவரையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். 2024 ஆகஸ்டில் வெளிவந்தது கிருஷ்ணகிரி விவகாரம்: தனியார் பள்ளி ஒன்றில் என்சிசி முகாம் என்ற பெயரில் போலி முகாம் நடத்தியவர் மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்தார், தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகிகளும் கைதானார்கள். அதே ஆண்டு நவம்பரில் தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினத்தில், கல்யாணத்துக்கு மறுத்த இளம் ஆசிரியையை ஒருவர் அரசுப் பள்ளிக்குள் புகுந்து குத்திக் கொன்றார். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் பையில் அரிவாள் கொண்டுவந்து கூடப் படிக்கும் மாணவரை வெட்டினார், தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. பென்சில் விஷயத்தில் தொடங்கிய மனக்கசப்பு என்று செய்திகளில் வந்தது.

வெளியிலிருந்து நுழைந்தவர், நாமே அழைத்து வந்தவர், உள்ளேயே படிக்கும் பிள்ளை, பள்ளி விட்ட பிறகு வீடு வரைக்கும் போகும் பகை. நான்கும் நான்கு ரகம். ஒரே பூட்டு நான்குக்கும் பொருந்தாது.

முதலில் கேட். இதைப் பற்றி அதிகம் சண்டை போட ஒன்றுமில்லை. மல்லிப்பட்டினம் போல ஒன்றைத் தடுக்க ஓரளவுக்காவது வாய்ப்புள்ள ஏற்பாடு இது ஒன்றுதான்: வருகிறவரை நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, நோட்டில் எழுதி, அந்த ஆசிரியருக்குச் சொல்லி அனுப்பி, அவர் வந்து பார்க்க ஒத்துக்கொண்டால் மட்டும் கேட்டுக்குப் பக்கத்திலேயே பேச வைப்பது. அவர் "எனக்கு அந்த ஆளைப் பார்க்க வேண்டாம்" என்று சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்கிறது, அதுதான் இதில் பெரிய விஷயம். பிள்ளைகள் மீது இதனால் விழும் பாரம் அநேகமாக ஒன்றும் இல்லை.

ஆனால் கேட்டைப் பூட்டத் தொடங்கியதும் ஒரு கெட்ட பழக்கம் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். தாமதமாக வரும் பிள்ளையை வெளியே நிறுத்துவது. கிராமத்திலிருந்து ஒரே ஒரு டவுன் பஸ்ஸை நம்பி வரும் பிள்ளைதான் தாமதமாக வரும், அந்தப் பிள்ளை பத்து மணி வரைக்கும் ரோட்டில் நிற்கும், சில சமயம் வீட்டுக்கும் போகாமல் பள்ளிக்கும் வராமல் எங்காவது சுற்றும். பாதுகாப்புக்காக வைத்த கேட் பிள்ளையைத் தெருவில் விட்டால் அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை. வாட்ச்மேனை வைக்கும்போதே, எத்தனை மணிக்கு வந்தாலும் சீருடையில் இருக்கும் பிள்ளை உள்ளே வரலாம், தண்டனை என்னவென்று உள்ளே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று எழுதி வைத்துவிட வேண்டும்.

இன்னொன்று, கிரில் கதவு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் வெந்து போனார்கள். கூரை தீப்பிடித்தது, பிள்ளைகளால் வெளியே வர முடியவில்லை. அதற்குப் பிறகு கட்டட விதிகள் எல்லாம் மாறின, இப்போது 'செக்யூரிட்டி' என்ற பெயரில் மாடிப்படிக்குக் கிரில் போட்டுப் பூட்டி, சாவியை அலுவலக அறை ஆணியில் மாட்டி வைத்திருக்கும் பள்ளிகளைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. வெளிக் கேட்டைப் பூட்டலாம், வகுப்பு நடக்கும்போது கட்டடத்துக்குள் எந்தப் பூட்டும் கூடாது.

கிருஷ்ணகிரிக்கு இந்தக் கேட் ஒன்றும் செய்திருக்காது. அந்த ஆள் சுவர் ஏறிக் குதிக்கவில்லை, முன்வாசல் வழியாக மரியாதையோடு வந்தார். முகாம், பயிற்சி, விழிப்புணர்வு என்று யார் வந்தாலும் உண்மையிலேயே அந்த அமைப்பிலிருந்துதான் வருகிறார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்பதும், மாணவிகள் இருக்கும் இடத்தில் பெண் ஆசிரியர் கூடவே இருப்பதும் பைசா செலவில்லாத வேலை.

சரி, கேமரா. சிபிஎஸ்இ 2025 ஜூலையில் தன் பள்ளிகளுக்கு ஒரு உத்தரவு போட்டது: கழிப்பறைகளைத் தவிர்த்து வாசல், தாழ்வாரம், படிக்கட்டு, வகுப்பறை, ஆய்வகம், நூலகம், மைதானம் என்று எல்லா இடத்திலும் சிசிடிவி, அதுவும் பேச்சொலியோடு பதிவாக வேண்டும், 15 நாள் பதிவைச் சேமித்து வைக்க வேண்டும். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளை இது கட்டாயப்படுத்தாது என்றாலும், "அவங்களே வெச்சுட்டாங்க, நாம வைக்கலைன்னா எப்படி" என்ற பேச்சு நம் கூட்டங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. டெல்லி அரசு 2019-லேயே வகுப்பறைக் கேமராவைப் பெற்றோர் கைப்பேசியில் நேரலையாகப் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது.

கேமராவுக்கு ஆதரவாக நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2017 செப்டம்பரில் குருகிராமில் ஒரு பள்ளியின் கழிப்பறையில் ஏழு வயதுச் சிறுவன் கொல்லப்பட்டபோது, ஹரியானா போலீஸ் உடனே பள்ளிப் பேருந்து நடத்துநரைக் கைது செய்தது. வழக்கு சிபிஐ கைக்குப் போனதும் அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவர் பிடிபட்டார், நடத்துநர் விடுவிக்கப்பட்டார். அந்தத் திருப்பத்தில் கேமரா பதிவுக்கும் பங்கு இருந்தது. ஒரு ஏழைத் தொழிலாளி மீது விழுந்த பழியைத் துடைக்க உதவியது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் சிறுவன் போனது போனதுதான். நடந்த பிறகு உண்மையைச் சொல்வது கேமராவின் வேலை, நடக்காமல் தடுப்பது அதன் வேலை இல்லை. பெற்றோர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பிரம்பை ஓங்கும் ஆசிரியர் கேமராவைப் பார்த்ததும் கையை இறக்குவார், சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறவர் வாயை மூடுவார் என்று ஒரு பெற்றோர் சொல்லும்போது எனக்கும் மறுத்துப் பேச வாய் வருவதில்லை. அது நடக்கும். பிள்ளைகளும் அதைத்தான் செய்வார்கள், அதாவது கேமரா இல்லாத இடத்துக்கு நகர்வார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சைக்கிள் ஸ்டாண்டின் மூலையில், கழிப்பறை வாசலில்.

வகுப்பறைக்குள் ஒலியோடு பதிவு என்பதைத்தான் நான் முழுக்க எதிர்க்கிறேன். புரியாததைக் கேட்கக் கூச்சப்படும் பிள்ளை இன்னும் வாயை மூடிக்கொள்ளும். மாதவிடாய் பற்றிப் பெண் பிள்ளைகளிடம் பேச வேண்டிய டீச்சர், பதிவாகிறது என்று தெரிந்தால் புத்தகத்தில் உள்ளதை வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவார். நேரலை என்றால் இன்னும் மோசம்: என் பிள்ளை முட்டி போட்டு நிற்பதை நாற்பது வீடுகள் பார்க்கும், அதில் ஒரு வீட்டிலிருந்து அது வாட்ஸ்அப்பில் ஏறும், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அந்த ஊரில் எப்படி நடக்கும்?

அப்புறம், பதிவு யார் கையில் இருக்கிறது? டிவிஆர் பெட்டி தலைமையாசிரியர் அறையிலோ தாளாளர் அறையிலோ இருக்கும். நிர்வாகமே மறைக்க நினைத்தால், கேமராவின் சாவியும் அந்த நிர்வாகத்திடம்தான். கிருஷ்ணகிரி போன்ற ஒன்றில் அதை நம்பி என்ன செய்ய? செலவும் ஒருமுறைச் செலவு இல்லை, மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் ஹார்டு டிஸ்க் போய், மழைத் தண்ணீர் இறங்கி ஒயர் போய், ஓடாத கேமரா சுவரில் தொங்கிக்கொண்டிருப்பது நாம் பார்க்காத காட்சியா? இருந்தும் கேமராவுக்கு எப்போதும் உபயதாரர் கிடைப்பார், ஏனென்றால் பக்கத்தில் பெயர்ப் பலகை மாட்டலாம். ஆலோசகரின் சம்பளத்துக்குப் பெயர்ப் பலகை மாட்ட இடமில்லை.

பை சோதனை பற்றி எனக்கே கொஞ்ச நாள் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, காரணம் பாளையங்கோட்டை. அன்று காலை அந்த ஒரு பையை யாராவது திறந்திருந்தால் அரிவாள் கிடைத்திருக்கும். இதை மழுப்ப முடியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 900 பிள்ளைகள் உள்ள பள்ளி, ஒரு பைக்கு 20 விநாடி என்றாலும் 18,000 விநாடி, அதாவது ஒரே ஆள் என்றால் ஐந்து மணி நேரம். பத்து ஆசிரியர்கள் நின்றாலும் அரை மணி நேரம். தினமும். மூன்றாவது வாரத்தில் என்ன ஆகும் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டாம், எல்லோரையும் சோதிப்பது போய் 'சந்தேகப்படும்' பிள்ளைகளை மட்டும் சோதிப்பது என்று ஆகும். யார் அந்தச் சந்தேகப்படும் பிள்ளை? திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் தெருப் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். "அந்தத் தெருப் பையன்" என்பதுதான் சந்தேகத்துக்கு முதல் காரணமாக இருக்கும். பதின்மூன்று வயதில் தினமும் காலையில் வரிசையிலிருந்து வெளியே இழுக்கப்படும் பையன், பள்ளி தன்னை எப்படிப் பார்க்கிறது என்பதைப் பாடப்புத்தகம் இல்லாமலே கற்றுக்கொள்வான்.

பெண் பிள்ளைகளின் பையில் நாப்கின் இருக்கும். அதை யார் முன்னால், யார் கையால் திறப்பது? நாம் நல்ல எண்ணத்தோடு போடும் விதி, கடைசியில் அதை நடத்தும் ஆளின் கையில் என்னவாக மாறும் என்பதற்கு நீட் தேர்வே சாட்சி. 2017-ல் கண்ணூரிலும் 2022-ல் கொல்லத்திலும் தேர்வு எழுதப் போன மாணவிகளை உள்ளாடையைக் கழற்றச் சொன்னார்கள். தேர்வு விதியில் அப்படி எழுதியிருக்கவில்லை. உலோகக் கருவி சத்தம் போட்டது, சோதித்தவர் தன் புத்திக்கு எட்டியதைச் செய்தார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் தேடுவது ஆயுதம், கிடைப்பது வேறு. 2022 நவம்பரில் பெங்களூருவில் சில பள்ளிகள் செல்போன் இருக்கிறதா என்று பைகளைத் திடீரென்று சோதித்தபோது சிகரெட், லைட்டர், ஆணுறை, கருத்தடை மாத்திரை எல்லாம் வந்து விழுந்தன, நாடு முழுக்கச் செய்தியானது. கிடைத்ததும் என்ன செய்வீர்கள்? டிசி கொடுப்பீர்களா, அப்பாவைக் கூப்பிட்டு அவர் எதிரிலேயே கொட்டிக் காட்டுவீர்களா? ஒரு காதல் கடிதம் பிரேயரில் வாசிக்கப்பட்டதால் உயிரையே விடத் துணியும் வயது அது. கிடைக்கும் பொருளை வைத்து என்ன செய்வது என்று முன்னாலேயே முடிவு செய்யாத பள்ளி, பையைத் திறக்கவே கூடாது.

கையில் கட்டும் வண்ணக் கயிறும் இந்தக் கணக்கில்தான் வரும். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம் போன்றவற்றுக்குத் தடை வேண்டும் என்றது. 2019-லேயே பள்ளிக் கல்வித் துறையிலிருந்து இப்படி ஒரு சுற்றறிக்கை வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சரே பின்வாங்கிய கதை பலருக்கு மறந்திருக்கும். கயிறு வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காலையில் கேட்டில் கத்தரிக்கோலோடு நின்று எல்லோர் முன்னாலும் வெட்டினால், அந்தப் பையன் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இன்னும் தடிமனாக ஒன்றைக் கட்டிக்கொள்வான், அதைக் கட்டிவிட அவன் தெருவில் பெரிய ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

இப்போது நான்காவது, டீ வரும் நேரத்து யோசனை. இதற்கு என்னிடம் இருக்கும் பெரிய காரணம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. பள்ளித் தாக்குதல் என்றால் நம்மைவிட பல மடங்கு அனுபவப்பட்ட நாடு அது. உலோகக் கருவி, துப்பாக்கி ஏந்திய காவலர் எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். 2022 மே மாதம் யுவால்டி என்ற ஊரில் ஒரு பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஒருவன் புகுந்தபோது, 376 போலீஸ்காரர்கள் வந்தும் உள்ளே போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அதே நாட்டின் ரகசிய சேவைத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து 37 பள்ளித் தாக்குதல்களை அலசி 2002-ல் ஒரு அறிக்கை வெளியிட்டன. அதில் பத்தில் எட்டுச் சம்பவங்களில் தாக்குதலுக்கு முன்பே குறைந்தது ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருந்தது, தெரிந்தவர்களில் பெரும்பாலோர் கூடப் படிக்கும் பிள்ளைகள், நண்பர்கள். அதாவது தகவல் பள்ளிக்குள்ளேயே இருந்தது, பெரியவர்கள் காதுக்குத்தான் வரவில்லை. ஏன் வரவில்லை என்றால், சொன்னால் என்ன நடக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்: சொன்னவன் மாட்டிக்கொள்வான்.

நாங்குநேரியில் நடந்தது அதுதானே? இங்கே நான் என் வாதத்தையே கொஞ்சம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அந்த மாணவர் சொல்லாமல் இருக்கவில்லை, சொன்னார். சொன்னதுதான் ஆபத்தாகிவிட்டது. ஆகவே 'சொல்லுங்கள், நாங்கள் இருக்கிறோம்' என்று போஸ்டர் ஒட்டுவதால் மட்டும் ஒன்றும் ஆகாது, புகார் வந்த மறு நிமிடத்திலிருந்து சொன்ன பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு மாணவர்களைக் கூப்பிட்டுக் கண்டிப்பதற்கு முன்பே சொன்ன பிள்ளையின் வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், மிரட்டல் இருக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே போலீசுக்குச் சொல்ல வேண்டும், ஒரு வாரமாவது போக வர யாராவது துணை இருக்க வேண்டும். இதை இருபது வகுப்பு எடுக்கும் ஒரு கணக்கு வாத்தியாரால் செய்ய முடியாது.

சந்துரு குழு இதையும் சொல்லியிருக்கிறது: 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு ஒரு பள்ளி நல அலுவலர். கயிற்றுக்கு வந்த தலைப்புச் செய்தியில் பாதிகூட இதற்கு வரவில்லை. இப்போதைக்கு நம்மிடம் இருப்பது 14417, 1098 என்ற இரண்டு உதவி எண்கள், பிள்ளைகள் குறையை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி, எப்போதாவது வந்துபோகும் ஆலோசனை வண்டி. எண்கள் நல்லவைதான், ஆனால் கைப்பேசி இல்லாத ஏழாம் வகுப்புப் பெண் யாருடைய போனிலிருந்து கூப்பிடுவாள்? பெட்டியைப் பல இடங்களில் தலைமையாசிரியர் அறை வாசலில்தான் மாட்டியிருக்கிறார்கள். சீட்டுப் போட நிற்பதை எல்லோரும் பார்க்கலாம்.

ஆலோசகர் என்றால் முழுநேரச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. பக்கத்துக் கல்லூரியில் சமூகப் பணியோ உளவியலோ முதுகலை முடித்த ஒருவரை வாரத்தில் இரண்டு நாள் வரவைக்க முடியும், இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து பகிர்ந்துகொள்ளவும் முடியும். ஒன்று மட்டும் கறாராக இருக்க வேண்டும்: பாலியல் கொடுமை என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி போலீசுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆக வேண்டும், தலைமையாசிரியரின் அனுமதிக்குக் காத்திருக்கக் கூடாது, பிள்ளையிடமும் "இதை யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று பொய் வாக்குக் கொடுக்கக் கூடாது.

நான்கு சம்பவத்துக்கும் முன்னால் இந்த ஆளை நிறுத்திப் பார்க்கிறேன். பாளையங்கோட்டையில், பென்சில் சண்டை பேச்சு நின்றுபோகும் அளவுக்கு வந்தபோதே காதில் விழ வாய்ப்பு உண்டு, உறுதி சொல்ல முடியாது. நாங்குநேரியில், புகாரைப் பக்குவமாகக் கையாண்டிருக்க வாய்ப்பு உண்டு. கிருஷ்ணகிரியில், நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத ஒரு ஆளாக இருந்திருந்தால் மறைப்பது கடினமாகியிருக்கும். மல்லிப்பட்டினத்தில் ஒன்றும் செய்திருக்க முடியாது, அது கேட்டின் வேலை. மற்ற மூன்று ஏற்பாடுகளும் ஆளுக்கு ஒரு சம்பவத்தைத் தாண்டி உருப்படியாக எதுவும் செய்யவில்லை.

அதனால் எங்கள் குழுவில் நான் வைக்கப்போவது இதுதான். முதல் செலவு வாரத்தில் இரண்டு நாள் ஆலோசகர், அவருக்குத் தனி அறை, அறைக்கு ஜன்னல் இருக்க வேண்டும், தலைமையாசிரியர் அறையைத் தாண்டிப் போகும் வழியில் இருக்கக் கூடாது. அடுத்து கேட்டுக்கு ஆள், வருகைப் பதிவேடு. மிச்சம் இருந்தால் வாசல், தாழ்வாரம், படிக்கட்டு, சைக்கிள் ஸ்டாண்ட் இவற்றுக்கு மட்டும் கேமரா, பதிவைப் பார்க்கத் தலைமையாசிரியரோடு குழுவில் ஒரு பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும், வகுப்பறைக்குள் வேண்டாம். தினசரி பை சோதனை வேண்டவே வேண்டாம். குறிப்பிட்ட ஒரு தகவல் வந்தால் அந்த ஒரு பையை, தனி அறையில், இரண்டு ஆசிரியர்கள் முன்னால், மாணவி என்றால் இரண்டு ஆசிரியைகள் முன்னால் பார்க்கலாம். ஒரு பள்ளியில் அடுத்தடுத்து ஆயுதம் கிடைத்தால் அப்போது சில வாரங்களுக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி சோதனை வைக்க நானே கை தூக்குவேன், முடியும் தேதியையும் அதே தீர்மானத்தில் எழுதிவிட்டு.

ஆலோசகர் எந்த இரண்டு நாள் வர வேண்டும் என்று கேட்டார்கள். திங்களும் வியாழனும் என்று சொல்லியிருக்கிறேன். சனி ஞாயிறில் கோயில் கொடையிலும் கபடிப் போட்டியிலும் இன்ஸ்டாகிராமிலும் தொடங்கும் தகராறு திங்கட்கிழமை காலையில்தான் சீருடை போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருகிறது. திங்கள் கேட்டது என்னவாயிற்று என்று அடுத்த விடுமுறைக்கு முன்னால் பார்க்க வியாழன்.